சித்திரத் தொடர்களில் அரைகுறைக் காதல்

கதையில் காதல் இருப்பது வேறு. காதல் இருப்பதாகச் சொல்லப்படுவது வேறு. முன்னதில் இரண்டு உள்ளங்கள் ஒன்றையொன்று அறிந்து, ஒன்றால் ஒன்று மாறுவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். பின்னதில், 'இவர்கள் இருவரும் காதலர்கள்' என்று கதாசிரியர் அறிவிக்கிறார். நாம் தலையாட்ட வேண்டும், அவ்வளவே. இந்தப் பின்னது தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் தொடர்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. அஃது ஏன் உண்டாகிறது, அதனால் விளையும் கேடு யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'கார்ட்டூன் சிறு பிள்ளைகள் பார்ப்பது. மாணவர் மன்ற மலரில் அதற்கு என்ன வேலை?' என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். அவர்களை ஒன்று கேட்பேன். இரவு உணவு முடிந்தபின் விடுதி அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நால்வர் அமர்ந்தால், அங்கே ஓடுவது பாடமா? அங்கே ஓடும் கதைகளை நாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால், ஒருவரை ஒருவர் விரும்புதல் என்றால் எப்படி இருக்கும், எப்படிப் பேசுவார்கள், எப்போது பேசாமல் இருப்பார்கள் என்பதையெல்லாம் நம்மில் பலர் பாடப் புத்தகத்திலோ பெற்றோரிடமோ கற்கவில்லை. கதைகளிடமே கற்றோம். ஆதலால் அந்தக் கதைகள் நமக்கு என்ன கற்பித்தன என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

பல தொடர்களைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட, நன்கு அறிந்த ஒன்றிரண்டை ஆழ்ந்து நோக்குவதே பயன் தரும். ஆகவே, மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனீட்ஸ்கோ என்னும் இருவர் நிக்கலோடியன் தொலைக்காட்சிக்காக அமெரிக்காவில் உருவாக்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற தொடரையும், அதன் வழித்தோன்றலாகிய 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' என்ற தொடரையும் எடுத்துக்கொள்கிறேன். முன்னது 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்தது. பின்னது 2012 முதல் 2014 வரை 52 பகுதிகளாக வந்தது. இரண்டிலும் ஒவ்வோர் ஆண்டுத் தொகுதிக்கும் 'புக்' என்று பெயர். நாம் அதனைக் காண்டம் என்று சொல்லிக்கொள்வோம். இவை மட்டமான தொடர்கள் அல்ல. போர், அரச பதவி, தந்தை மகன் பகை, இழப்பு, மன்னிப்பு ஆகியவற்றை இவ்வளவு பொறுப்போடு கையாண்ட கார்ட்டூன் தொடர்கள் மிகச் சில. அத்தகைய நல்ல படைப்பிலும் காதல் மட்டும் ஏன் சில இடங்களில் அரைவேக்காடாக நின்றுவிட்டது? அதுவே கேள்வி.

சில காட்சிகளே போதும்

முதற்கண், பழுதில்லாத ஓர் இணையைக் காண்போம். அவதார் தொடரில் சாக்கா என்பவன் தென்முனைப் பனிநாட்டு இளைஞன். சூக்கி என்பவள் கியோஷித் தீவின் பெண்படைத் தலைவி. முதற்காண்டத்தின் நான்காம் பகுதியில் இவர்கள் சந்திக்கிறார்கள். பெண்களால் போரிட முடியாது என்று ஏளனம் செய்யும் சாக்கா, அவளிடம் தோற்று மண்ணைக் கவ்வுகிறான். பின்னர், செருக்கு அடங்கி அவள்முன் மண்டியிட்டுக் கற்றுத்தருமாறு வேண்டுகிறான். அவள் விதித்தபடி அந்தப் பெண்படையின் உடையையே அணிந்து பயில்கிறான். அடுத்த சந்திப்பு இரண்டாம் காண்டத்தின் பன்னிரண்டாம் பகுதியில். அதற்குள் சாக்கா யூவே என்னும் இளவரசியை விரும்பி, அவள் நிலவின் உயிரைக் காக்கத் தன்னுயிர் தந்ததைக் கண்முன் கண்டவன். ஆதலால், சூக்கியை ஒவ்வோர் அடியிலும் காக்கத் துடிக்கிறான். அவள் நெருங்கி வரும்போது விலகுகிறான். அச்சம் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் சொல்கிறான். மூன்றாம் காண்டத்தில், கொதிக்கும் ஏரியின் நடுவே உள்ள சிறையிலிருந்து அவளை மீட்கிறான். அந்த மீட்பில் அவளும் சமபங்கு ஏற்றுப் போரிடுகிறாள்.

எண்ணிப் பாருங்கள். முக்கியமான சந்திப்புகள் மூன்றே. ஆயினும் இக்காதலில் எவரும் குறை சொல்வதில்லை. ஏன்? ஒவ்வொரு சந்திப்பிலும் சாக்கா முன்பு இருந்த சாக்காவாக இல்லை. அந்த மாற்றத்தில் சூக்கிக்குப் பங்கு இருக்கிறது. யூவேயின் கதை இன்னும் சிறிது. அவள் வாழ்ந்தது மூன்று பகுதிகளே. ஆயினும் அவள் இழப்பு சாக்காவின் நடத்தையில் நீண்ட நாள் நிற்கிறது. ஆகவே, காட்சிகளின் எண்ணிக்கை காதலுக்கு அளவுகோல் அன்று. இருவருள் ஒருவரால் மற்றவர் மாறினாரா என்பதே அளவுகோல். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தொடக்கம் இல்லாத காதல்

ஸூக்கோ நெருப்பு நாட்டு இளவரசன். தந்தையால் முகம் சுடப்பட்டு நாடு கடத்தப்பட்டவன். மே என்பவள் உயர்குடிப் பெண், எதிலும் பற்றில்லாதவள்போல் தோன்றுபவள், எறிகத்திகளில் வல்லவள். இரண்டாம் காண்டத்தில், ஸூக்கோவின் சிறுபருவ நினைவாக ஒரு காட்சி வருகிறது. சிறுமி மேயின் தலைமேல் ஆப்பிளை வைத்து ஸூக்கோவின் தங்கை குறும்பு செய்ய, சிறுவன் ஸூக்கோ காக்க ஓடி, இருவரும் நீரில் விழுகின்றனர். அவளுக்கு அவன்மேல் ஒரு மயக்கம் உண்டு என்று அப்போதே நாம் அறிகிறோம். அதன்பின் அக்காண்டம் முழுவதும் இருவரும் நேரே நின்று பேசிக்கொள்ளும் காட்சி இல்லை. ஆனால், மூன்றாம் காண்டத்தின் முதற்பகுதியில், கப்பலின் மேல்தளத்தில் அவர்கள் காதலர்களாக நிற்கிறார்கள்!

இடையில் என்ன நிகழ்ந்தது? யார் முதலில் பேசினார்? மூன்றாண்டு நாடு கடத்தலில் முற்றிலும் மாறிப்போன ஒருவனை, அவள் எப்படி மறுபடி அறிந்துகொண்டாள்? எல்லாம் இரண்டு காண்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில், நாம் காணாதபடி நடந்து முடிந்துவிட்டன. தொடக்கமே திரைக்குப் பின்னால் போய்விட்ட காதல் இது.

அதன்பின் வரும் சில காட்சிகள் மிக நல்லவை என்பதை மறுப்பதற்கில்லை. கடற்கரைப் பகுதியில் மே தன் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறாள். தந்தையின் அரசியல் வாழ்வுக்கு இடையூறு இல்லாமல் அடங்கி ஒடுங்கி இருந்தால் கேட்டதெல்லாம் கிடைத்த பிள்ளை அவள். அவளது பற்றின்மைக்கு வேர் அங்கே தெரிகிறது. பின்னர் ஸூக்கோ ஒரு கடிதம் மட்டும் எழுதி வைத்துவிட்டு நாட்டை விட்டுப் போகிறான். அப்படிப் போனவனைக் காப்பதற்காகவே, அவள் சிறைக் காவலரோடு போரிட்டு, அச்சத்தின் வடிவமான அசூலாவை எதிர்த்து நிற்கிறாள். தொடரிலேயே மிகத் துணிவான செயல்களில் ஒன்று அது. ஆனால், அந்தத் துணிவுக்கு ஈடாக ஸூக்கோவின் பக்கம் என்ன இருக்கிறது? தன் மனமாற்றத்தை அவன் அவளிடம் முன்கூட்டி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவள் செய்த தியாகத்தை எண்ணி அவன் வருந்தியதாகவோ, சிறையிலுள்ள அவளை மீட்க நினைத்ததாகவோ பின்வரும் பகுதிகளில் காட்சி இல்லை. இறுதிப் பகுதியில் அவளே வந்து, முடிசூடப் போகும் அவனுக்கு ஆடை அணிய உதவுகிறாள். 2012-இல் வெளிவந்த தொடர்ச்சிச் சித்திரக்கதையில் மே அவனை விட்டுப் பிரிகிறாள். அவன் மறைவாக வைத்திருந்த செய்திகளே அதற்குக் காரணம். அந்தப் பிரிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. அடித்தளம் இடாத சுவர் சாய்ந்தது, அவ்வளவே.

அவளை யார் கேட்டார்?

இனி, தொடரின் தலைமை இணையைப் பார்ப்போம். ஆங் பன்னிரண்டு வயதுச் சிறுவன். உலகைக் காக்கப் பிறந்த அவதாரம். கட்டாரா பதினான்கு வயதினள், சாக்காவின் தங்கை, நீரை ஆளும் ஆற்றல் படைத்தவள். முதற்பகுதியில் பனிக்கட்டியிலிருந்து விழித்தெழும் ஆங்கின் கண்ணில் முதலில் படுவது அவள் முகம்தான். அன்று தொட்டு அவன் அவளை விரும்புகிறான். குகையில் வழி தவறுவது, நடன விருந்து என்று இடையிடையே காட்சிகள் பல உண்டு. ஆகவே, இதனைக் காட்சிக் குறைவு உள்ள காதல் என்று எவரும் கூற இயலாது. ஆனால், அக்காட்சிகளுள் மிகப் பெரும்பாலானவை ஆங்கின் கண் வழியே காட்டப்படுபவை. அவன் ஏங்குகிறான், நாணுகிறான், பொறாமைப்படுகிறான். கட்டாராவின் உள்ளம்?

மூன்றாம் காண்டத்தின் பதினேழாம் பகுதியில், நாடகம் ஒன்றின் இடைவேளையில், ஆங் அவளிடம் நேராகக் கேட்டுவிடுகிறான். அவள், தன் மனம் குழம்பியிருப்பதாகவும், போரின் நடுவே இதனை எண்ண இயலவில்லை என்றும் விடை தருகிறாள். அந்நிலையில் அவன் அவள் விருப்பத்தை அறியாமலே முத்தமிடுகிறான். அவள் சினந்து அகன்றுவிடுகிறாள். நேர்மையான, உண்மையான காட்சி அது. அதன்பின் என்ன? இருபத்தொன்றாம் பகுதியில் போர் முடிந்து, தேநீர்க் கடையின் மாடத்தில் ஆங் தனியே நிற்க, கட்டாரா வந்து அணைத்து முத்தமிடுகிறாள். தொடர் முடிகிறது. அந்தக் கடைசிக் காட்சியில் உரையாடலே இல்லை.

வினா பதினேழில், விடை இருபத்தொன்றில். இடைப்பட்ட பகுதிகளில் அவள் மனம் எவ்வாறு தெளிந்தது என்பதைக் காட்டும் காட்சி ஒன்றேனும் உண்டா? இல்லை. நம் அகப்பாடல்களில் தலைவிக்கும் தோழிக்கும் தனித்தனியே குரல் உண்டு. தலைவன் ஒருவனே பேசி முடிக்கும் மரபு அன்று அது. இங்கோ, கட்டாராவின் அருகே டாஃப் என்னும் தோழி இருந்தும், இதைப் பற்றி மனந்திறந்து பேச ஒரு நிமிடம் ஒதுக்கப்படவில்லை.

சென்ற பருவத்தில் நம் மன்றக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பேச்சு எழுந்தது. நண்பர் ஒருவர், 'உலகையே காத்தவனுக்கு இதுகூடக் கிடைக்கக் கூடாதா?' என்று வேடிக்கையாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தனர். முதலாண்டு மாணவி ஒருவர் மட்டும், 'கிடைப்பதற்கு அவள் என்ன, கோப்பையா?' என்றார். அவையில் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தத் தங்கை கேட்டதுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை. காதலை அரைகுறையாக விட்டுவிடும்போது, அதன் நட்டம் இருவருக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலும் கதையின் தலைவன் முழு மனிதனாகவே நிற்கிறான். குறைந்துபோவது அவள்தான். போர்க்களத்தில் வீராங்கனையாக விளங்கியவள், கடைசிக் காட்சியில் வெற்றிக்குரிய பரிசாக மாறிவிடுகிறாள்.

இரசிகர்கள் காட்டும் உண்மை

கதையில் வரும் இருவரை இணைசேர்த்து மகிழும் வழக்கத்தை இக்காலத்து இரசிகர்கள் 'ஷிப்பிங்' என்பர். இத்தொடரின் இரசிகர்களில் ஒரு பெருங்கூட்டம், கட்டாராவுக்கு ஆங் பொருத்தமில்லை, ஸூக்கோவே பொருத்தம் என்று இன்றளவும் வாதாடுகிறது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம். ஆனால், ஏன் அப்படித் தோன்றுகிறது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை கிடைக்கும்.

இரண்டாம் காண்டத்தின் இறுதியில், பளிங்குக் குகையில் சிறைப்பட்ட ஸூக்கோவும் கட்டாராவும் தத்தம் தாயை இழந்ததைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவன் முகவடுவைக் குணப்படுத்தத் தன்னிடமுள்ள அரிய நீரைத் தர அவள் முன்வருகிறாள். சற்று நேரத்தில் அவன் தங்கையின் பக்கம் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் குலைக்கிறான். மூன்றாம் காண்டத்தில் அவன் திருந்தி வந்தபோது எல்லோரும் ஏற்றாலும் அவள் ஏற்கவில்லை. பின்னர், அவள் தாயைக் கொன்றவனைத் தேடிச்செல்ல அவன் துணை நிற்கிறான். அப்பயணத்தின் முடிவில் அவள் அவனை மன்னிக்கிறாள். இங்கே நம்பிக்கை, துரோகம், சினம், பரிகாரம், மன்னிப்பு என்று படிப்படியாக ஒரு வளர்ச்சி இருக்கிறது. ஆசிரியர்கள் இதனை நட்பாகவே எழுதினார்கள். ஆயினும், ஒருவரால் ஒருவர் மாறும் இடத்தைக் கண்டதும் பார்ப்பவர் மனம் தானே அங்கே பாய்ந்துவிட்டது. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதைப் பழித்துப் பயன் என்ன?

காரணங்கள்

இக்குறை கதாசிரியரின் திறமைக் குறைவால் மட்டும் வருவது என்று எண்ணுதல் தவறு. கார்ட்டூன் தொடர் உருவாகும் முறையிலேயே சில காரணங்கள் உள்ளன.

முதலாவது, நேரம். ஒரு பகுதி ஏறத்தாழ 23 நிமிடம். அதற்குள் அன்றைய சிக்கல், சண்டை, நகைச்சுவை, பெருங்கதையின் நகர்ச்சி ஆகிய எல்லாம் அடங்க வேண்டும். வெட்டும்போது முதலில் வெட்டுப்படுவது, 'இது இல்லாமலும் கதை நகரும்' என்று தோன்றும் அமைதியான உரையாடலே.

இரண்டாவது, வரையும் முறை. நடிகர் நடிக்கும் படத்தில், எழுதாத ஒரு பார்வையும் எழுதாத ஒரு தயக்கமும் இரு நடிகரிடையே தாமே பிறந்து, காதலுக்கு உயிர் கொடுத்துவிடும். கார்ட்டூனில் அவ்வாறு இலவசமாக எதுவும் வாராது. கண் ஒரு கணம் தாழ வேண்டுமானால், அதனை ஒருவர் முன்னதாக எண்ணி, படக்கட்டத்தில் குறித்து, மற்றொருவர் வரைய வேண்டும். இத்தொடர்களின் எழுத்தும் திட்டமும் அமெரிக்காவில் நடந்தன. அசைவுகளைப் பெரும்பாலும் தென்கொரியக் கலைக்கூடங்கள் வரைந்தன. குறிப்பில் இல்லாத பார்வை திரையில் இராது.

மூன்றாவது, நிச்சயமின்மை. தொலைக்காட்சி நிலையம் தொடரை மொத்தமாக வாங்குவதில்லை. தொகுதி தொகுதியாக ஆணையிடும். அடுத்த தொகுதி உண்டா, இல்லையா என்று தெரியாத நிலையில், ஆசிரியர் காதலை இப்போதே முடித்துவிட வேண்டும். அல்லது முடிவின்றி இழுக்க வேண்டும். டிஸ்னியின் 'கிம் பாசிபிள்' தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2002-இல் தொடங்கிய அத்தொடரில் கிம், ரான் என்னும் தோழர்கள் 2005-இல் வந்த முழுநீளப் படத்தின் முடிவில்தான் காதலர் ஆகின்றனர். அதோடு கதை முடிவதாகவே இருந்தது. இரசிகர்களின் வேண்டுகோளால் 2007-இல் நான்காம் தொகுதி வந்தது. அப்போதுதான், காதலர் ஆனபின் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாய்ப்புப் பல தொடர்களுக்குக் கிட்டுவதில்லை.

நான்காவது, நிலையம் விதிக்கும் எல்லை. இதனைக் கோரா தொடரைக் கொண்டு விளக்குகிறேன்.

கோராவின் கதை

கோரா தொடரின் முதற்காண்டம் 12 பகுதிகளே கொண்ட தனிக்கதையாகத் திட்டமிடப்பட்டது. அந்தப் பன்னிரண்டிற்குள் ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு புரட்சி இயக்கம், அதன் முகமூடித் தலைவன், இவற்றோடு ஒரு முக்கோணக் காதலும் திணிக்கப்பட்டது. மாக்கோ என்னும் இளைஞன் அசாமி என்பவளோடு பழகிக்கொண்டே கோராவின்பாலும் மனம் சாய்கிறான். அசாமியோ, தன் தந்தை பகைவரின் ஆள் என்று அறிந்து, அவரையே எதிர்த்து நண்பர்களின் பக்கம் நிற்கும் நெருக்கடியில் இருப்பவள். அவ்வளவு பெரிய துயரத்தின் நடுவே அவள் கைவிடப்படுவதைத் தொடர் போகிற போக்கில் கடந்து செல்கிறது. பன்னிரண்டாம் பகுதியில் மாக்கோவும் கோராவும் காதலை அறிவித்து, கதை மங்களமாக முடிகிறது. பின்னர் மேலும் காண்டங்கள் வந்தன. அவசரமாகக் கட்டிய அந்தக் காதலை இரண்டாம் காண்டத்தில் அவிழ்க்க வேண்டியதாயிற்று. கோராவுக்கு மறதி வருவதும், முன்பு நடந்த பிரிவை மாக்கோ அவளிடம் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சங்கடத்தின் விளைவுகளே.

மூன்றாம், நான்காம் காண்டங்களில் வேறொன்று மெல்ல முளைத்தது. ஒருவனுக்காகப் போட்டியிட்ட கோராவும் அசாமியும் உற்ற தோழியராகின்றனர். நஞ்சூட்டப்பட்டு நடக்க இயலாமல் கிடக்கும் கோராவின் அருகே அசாமி இருக்கிறாள். மூன்றாண்டு விலகி வாழ்ந்த காலத்தில் கோரா தன் உண்மை நிலையை எழுதியது அசாமி ஒருத்திக்கே. 2014 டிசம்பர் 19-இல் வந்த இறுதிக் காட்சியில், இருவரும் கைகோத்து ஆவியுலக வாயிலின் ஒளிக்குள் நடந்து, ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். அதோடு திரை விழுகிறது. இது நட்பா, காதலா என்று உலகெங்கும் வாதம் எழ, சில நாட்களில் ஆசிரியர் இருவரும் இது காதலே என்று தெளிவாக எழுதினர். நிலையத்தார் ஆதரவு காட்டினர் என்றும், ஆனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை இருந்தது என்றும் கொனீட்ஸ்கோ அப்போது கூறினார்.

அந்த எல்லை எங்கே இருந்தது என்பதை அதே இறுதிப் பகுதியே காட்டிவிடுகிறது. வேரிக் என்னும் செல்வனுக்கும் ஜூ லி என்னும் அவன் உதவியாளுக்கும் அதில் திருமணம் நடக்கிறது. உறுதிமொழி உண்டு, முத்தம் உண்டு, சுற்றமும் உண்டு. கோராவுக்கும் அசாமிக்கும் கோத்த கை மட்டுமே. இங்கே அரைகுறையாக நின்றது ஆசிரியரின் கவனக் குறைவால் அன்று. சொல்லத் தடை இருந்ததால். அவர்களின் முதல் முத்தத்தைக் காண, இரசிகர்கள் 2017-இல் வந்த சித்திரக்கதை நூல் வரை காத்திருந்தனர். அதன்பின் காலம் சற்று மாறியது. 2018-ஆம் ஆண்டில், 'ஸ்டீவன் யூனிவர்ஸ்' தொடரில் ரூபி, சஃபையர் என்னும் இருவரின் திருமணமும், 'அட்வெஞ்சர் டைம்' தொடரின் இறுதியில் பபிள்கம் இளவரசிக்கும் மார்சலினுக்கும் முத்தமும் தொலைக்காட்சியிலேயே காட்டப்பட்டன. கோத்த கையில் நின்ற கதை நான்காண்டில் மணமேடை வரை வந்தது. கதையில் தன்னைத் தேடிக் காணாமல், தன் மனத்தை எவரிடமும் சொல்ல அஞ்சி வாழ்பவர் நம் விடுதிகளிலும் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு இவ்வளர்ச்சி வெறும் கார்ட்டூன் செய்தி அன்று.

ஒரு மறுப்பு

'எல்லாக் கதையிலும் காதலை விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் கதை என்ன ஆவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காதல் வேண்டாமென்றால் விட்டுவிடலாமே! டாஃப் என்னும் பார்வையற்ற சிறுமிக்கு அவதார் தொடர் முழுவதிலும் ஒரு காதலனை ஒட்டவைக்கவில்லை. தனியாகவே நின்று அவள் அத்தொடரின் மிகச் சிறந்த பாத்திரங்களுள் ஒருத்தியாக விளங்குகிறாள். விடுவதில் இழுக்கில்லை. எடுத்துக்கொண்டு, பாதியில் போட்டுவிட்டு, முடிவில் மட்டும் மாலை சூட்டுவதில்தான் இழுக்கு.

நாம் கொள்ளத்தக்கது

நம் மன்றத்தில் ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதுவோர் இருக்கிறார்கள். குறும்படம் எடுப்போர் இருக்கிறார்கள். இம்மலருக்குச் சிறுகதை தருவோரும் இருக்கிறார்கள். அவர்கள் தம் கதையில் ஓர் இணையை அமைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ஒன்று: இந்தக் காதலை எடுத்துவிட்டால், இருவரும் தனித்தனியே முழு மனிதராக நிற்பார்களா? நிற்கமாட்டார் எனில், முதலில் அந்த மனிதரை எழுதி முடிக்க வேண்டும்.

இரண்டு: பிறர் எவரும் காணாத எதனை இவர் அவரிடத்தில் கண்டார்? அதற்கு விடையாக அழகையோ வீரத்தையோ மட்டும் சொன்னால் போதாது. சூக்கி கண்டது, தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஆற்றலை.

மூன்று: இருவருடைய குரலும் கேட்கிறதா? ஒருவர் ஏங்க, மற்றவர் இறுதியில் 'சரி' என்பது காதல் அன்று. விண்ணப்பமும் அனுமதியும் ஆகும்.

இம்மூன்றையும் வைத்து நோக்கினால், மே இரண்டாவது கேள்வியில் தவிப்பதும், கட்டாரா மூன்றாவதில் தவிப்பதும், மாக்கோவின் இணை மூன்றிலுமே தவிப்பதும் விளங்கும்.

இக்கேள்விகள் கதைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊரை விட்டு, மொழி வேறாகிய நகரத்தில் வந்து தங்கிப் படிக்கும் நாம், தனிமையின் பொருட்டே பல சமயம் விரைந்து நெருங்குகிறோம். 'இத்தனை நாள் காத்திருந்தேன், ஆகவே அவள் இணங்க வேண்டும்' என்று எண்ணும் நண்பனை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். அவன் தீயவன் அல்லன். காத்திருந்தவனுக்குக் கடைசிப் பகுதியில் தவறாமல் கிடைத்துவிடும் கதைகளைப் பார்த்து வளர்ந்தவன். பதினேழாம் பகுதிக்கும் இருபத்தொன்றாம் பகுதிக்கும் நடுவே ஒரு பெண்ணின் மனம் இருக்கிறது என்பதை அவனுக்கு எந்தக் கதையும் காட்டவில்லை. இனி எழுதப்போகும் நாமேனும் அதனைக் காட்டுவோம்.